டெல்டா ரெகுலேட்டரில் நீர்மின் நிலையம்: எங்கே தேறும், எங்கே தேறாது

கேள்வி சுருக்கமாக இது: காவிரி டெல்டாவில் குடமுருட்டி ஆற்றங்கரையில் ஒரு ஊர். ஆற்றின் குறுக்கே ஷட்டர் வைத்து நீரை அளந்துவிடும் ரெகுலேட்டரில் ஜூன் முதல் ஜனவரி வரை தண்ணீர் இரைந்து விழுகிறது. அதில் ஊராட்சி சார்பில் சிறிய நீர்மின் நிலையம் கட்டித் தெருவிளக்கும் குடிநீர் மோட்டாரும் ஓட்டலாமா, மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்கலாமா?

மின்சாரம் எடுக்க முடியும். ஆனால் எவ்வளவு வரும், எத்தனை நாள் வரும், பாசனத்துக்கு இடைஞ்சல் இல்லாமல் வருமா என்று கேட்டுப் பார்த்தால் டெல்டாவின் பெரும்பாலான ரெகுலேட்டர்கள் தேறாது. தேறும் இடங்களும் உண்டு. உங்கள் இடம் எந்த வகை என்பதைப் பெரிய செலவில்லாமல் நீங்களே கண்டுபிடிக்கலாம்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். வினாடிக்கு எத்தனை கனமீட்டர் தண்ணீர், அது எத்தனை மீட்டர் இறங்குகிறது, இரண்டையும் பெருக்கி 9.81-ஆல் மறுபடி பெருக்கி, எந்திரத்தின் திறனையும் சேர்த்தால் கிலோவாட் கிடைக்கும். நம் பக்கம் எல்லாமே கனஅடியில் பேசுவதால் இதைவிடச் சுலபமான வழி: வினாடிக்கு எத்தனை கனஅடி என்ற எண்ணை மீட்டர் உயரத்தால் பெருக்கி 5-ஆல் வகுங்கள். டர்பைன், கியர், ஜெனரேட்டர் இழப்பெல்லாம் போக ஏறக்குறைய 72 சதவீதத் திறன் அந்த ஐந்துக்குள் அடங்கிவிட்டது. 600 கனஅடி, 1.5 மீட்டர் என்றால் 180 கிலோவாட்.

இங்கே 'உயரம்' என்பது ஒரே நேரத்தில் ரெகுலேட்டருக்கு மேலே நிற்கும் நீர்மட்டத்துக்கும் கீழே நிற்கும் நீர்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். ஷட்டரின் உயரத்தையோ, மேல்மட்டத்திலிருந்து அடித்தளம் வரை உள்ள ஆழத்தையோ எடுத்துக்கொண்டு போடும் கணக்குகள் இரண்டு மடங்கு தப்பாகிவிடும். இரைச்சலையும் நம்ப வேண்டாம். ஷட்டருக்கு அடியில் பீறிடும் தண்ணீர் 60 சென்டிமீட்டர் வித்தியாசத்திலேயே ஊரை எழுப்பும்.

அடுத்ததுதான் டெல்டாவில் பலரும் கவனிக்காத விஷயம். ஆற்றில் தண்ணீர் கூடினால் மின்சாரமும் கூடும் என்று நினைப்பது இயல்பு. மலையில் அது சரி. இங்கே ஆறு கூடும்போது கீழ்மட்டம் ஏறிக்கொண்டே வரும்; மேல்மட்டத்தை மதகுகளுக்கேற்ற அளவிலேயே நிறுத்தி வைப்பார்கள். அதனால் வித்தியாசம் சுருங்கும். மேலே சொன்ன 600 கனஅடி எந்திரத்தையே வைத்துப் பார்ப்போம். ஆற்றில் 1,000 கனஅடி வரும் நாளில் கீழ்மட்டம் அறுபது சென்டிமீட்டர் ஏறி வித்தியாசம் 0.9 மீட்டராகிறது என்று கொள்ளுங்கள். எந்திரம் தன் 600 கனஅடியைத்தான் விழுங்கும். கிடைப்பது 108 கிலோவாட், வடிவமைத்த உயரத்துக்குக் கீழே திறனும் குறைவதால் உண்மையில் நூறுகூடத் தொடாது. முறை வைத்து 250 கனஅடி மட்டும் விடும் நாளில் வித்தியாசம் 1.9 மீட்டர் இருந்தாலும் 95 கிலோவாட்தான். வெள்ளத்தில் ஷட்டர் எல்லாம் தூக்கிவிட்டால் மேலும் கீழும் ஒரே மட்டம், உற்பத்தி பூஜ்யம். ஆக 180 கிலோவாட் என்று பலகையில் எழுதினாலும் அந்த அளவு கிடைப்பது நடுத்தர நீரளவுள்ள நாட்களில் மட்டும்.

காவிரியில் நீர்மின்சாரம் புதிதல்ல. சிவசமுத்திரத்தில் 1902-லேயே எந்திரம் ஓடியது. மேட்டூரில் நீர்மட்டம் 120 அடி வரை நிற்பதால் அணை மின்நிலையத்தில் 50, சுரங்க மின்நிலையத்தில் 200 மெகாவாட் நிறுவ முடிந்தது. அதற்குக் கீழே ஆறு பாறைக் கரைகளுக்கு நடுவே இறங்கி வருவதால் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள், அவற்றுக்கும் கீழே பவானி கட்டளைக் கதவணைகள் மூன்று. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் எந்திரம் இரண்டு. டெல்டாவுக்கென்று மேட்டூரில் திறக்கும் அதே தண்ணீர் இவை வழியாக ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் நமக்கு வருகிறது. கல்லணைக்கு வந்து சேரும்போது கடலைவிட ஏறக்குறைய 60 மீட்டர்தான் மிச்ச உயரம். அதுவும் நூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சமவெளியில் கிலோமீட்டருக்குச் சுமார் அரை மீட்டர் வீதம் பரவிக் கிடக்கிறது. அந்த 60 மீட்டரை ஓரிடத்தில் திரட்டவே முடியாது. நெல் வயலுக்குள் தானாகப் பாயும் சரிவாக அது ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது.

"கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் வித்தியாசம் கிடைக்குமே" என்ற யோசனை உடனே வரும். அதை அனுமதிக்கக் கூடாது. மேல்மட்டத்தை அரை மீட்டர் உயர்த்தினால், மேலே ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஆற்றுமட்டம் வயல்மட்டத்தைத் தாண்டும். கரையோரத் தாழ்ந்த நிலங்களில் ஊற்று எடுத்து சம்பா அழுகும். வடிகால் வாய்க்கால்கள் ஆற்றில் சேர முடியாமல் எதிர்த்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் டெல்டாவுக்கு வடிவதும் பாய்வதைப் போலவே முக்கியம். இருக்கும் மட்டத்தில் கிடைக்கும் வித்தியாசத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

இனி அளவெடுப்பு. ரெகுலேட்டருக்கு மேலே முப்பது மீட்டர் தள்ளி ஒரு அளவுப்பலகை, கீழே நுரையும் சுழலும் அடங்கிய இடத்தில் ஒன்று. இரண்டுக்கும் ஒரே பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் குறித்துவைத்த நிலையான அடையாளம்) மட்டம் எடுத்து, சென்டிமீட்டர் கோடு போட்டு, தினம் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் படித்து எழுத வேண்டும். ரெகுலேட்டரில் துறையின் கேஜ் (அளவுப்பலகை) இருந்தால் லஸ்கர் என்னும் ஷட்டர் காவல் பணியாளர் ஏற்கெனவே மட்டம் எழுதிக்கொண்டிருப்பார். நீர்வளத்துறைப் பிரிவு அலுவலகத்தில் மட்டத்துக்குரிய கனஅடி அட்டவணையும் இருக்கும். ஷட்டர் எத்தனை அடி தூக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அட்டவணை இல்லாத கிளை வாய்க்கால் என்றால், நேராக ஓடும் 20 மீட்டர் நீளத்தில் பாதி மூழ்கி மிதக்கும் தேங்காயை விட்டு நேரம் பாருங்கள். மேற்பரப்பு வேகத்தை 0.85-ஆல் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பாலும் பெருக்கினால் நீரளவு கிடைக்கும். காற்று வீசும் நாளில் இந்த அளவு தப்பும்.

ஒரு முழுப் பருவம் எடுத்த பிறகு நாட்களைக் கிலோவாட் வரிசைப்படி பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். எந்திரத்தின் அளவை உச்சநாளுக்கு வைக்கக் கூடாது. ஓடும் நாட்களில் பாதிக்கு மேல் கிடைக்கும் நீரளவுக்கு வையுங்கள். ஒரு பருவம் போதுமா என்றால் போதாது. பழைய கேஜ் பதிவுகளைப் பத்து ஆண்டுக்காவது கேட்டு வாங்குங்கள். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு, 230 நாள். ஆனால் 2012 முதல் 2019 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் ஜூலை 28 ஆகிவிட்டது. வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கையில் 230 நாள் என்று எழுதினால் அது முதல் ஆண்டிலேயே பொய்யாகும்.

உங்கள் ஊர் மாதிரி ஒரு ரெகுலேட்டருக்குக் கணக்குக்காக எண்களை வைத்துப் பார்ப்போம். நீரளவும் மட்ட வித்தியாசமும் சேர்ந்து வாய்க்கும் நாட்கள் 130, அந்நாட்களில் சராசரி 120 கிலோவாட். 130 × 24 × 120 என்றால் 3,74,400 யூனிட். மின்தடை, குப்பை எடுத்தல், பழுது என்று பத்து சதவீதம் கழித்தால் சுமார் 3.37 லட்சம். இதே அளவு மின்சாரத்தை, ஆண்டுக்கு ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 1,400 யூனிட் தரும் சூரியத் தகடுகளிலிருந்து எடுக்க 240 கிலோவாட் போதும், நிலம் ஒன்றேகால் ஏக்கர் அளவு. ஆற்றுக்குள் கட்டுமானம் கிடையாது, சுழலும் பாகம் கிடையாது.

தெருவிளக்கும் குடிநீரும் மட்டுந்தான் நோக்கம் என்றால் விஷயம் இன்னும் சிறியது. 20 வாட் எல்இடி விளக்கு ஐம்பது, இரவு 11 மணி நேரம்: 11 யூனிட். 7.5 குதிரைத்திறன் மோட்டார் ஆறு மணி நேரம்: சுமார் 34 யூனிட். மொத்தம் 45. இதற்குப் பள்ளிக்கூரையிலும் ஊராட்சி அலுவலகக் கூரையிலும் 12 கிலோவாட் சூரியத் தகடு வைத்து மின்வாரிய இணைப்போடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. இந்தத் தேவைக்காக ஆற்றைத் தொட வேண்டாம் என்பதே என் திட்டவட்டமான பதில்.

விற்பனை அளவில் யோசிப்பதாக இருந்தால் எங்கே தேடலாம்? முதலில் கல்லணைக் கால்வாய், நம் வழக்கில் புதாறு. 4,200 கனஅடிக்காக வெட்டப்பட்டது. மற்ற ஆறுகளைப்போல் தாழ்விடத்தில் ஓடாமல் மேட்டு நிலத்தை ஒட்டிப் போவதால் சரிவைக் கட்டுப்படுத்த ஆங்காங்கே டிராப், அதாவது தண்ணீர் ஒரே இடத்தில் இறங்கும் படி, கட்டியிருக்கிறார்கள். டிராப்பில் தண்ணீர் வீணாகத்தான் விழுகிறது. வெள்ள வடிகால் ஆறாக இல்லாததால் கீழ்மட்டமும் அவ்வளவாக ஏறி இறங்காது. 2,000 கனஅடி ஓடும் இடத்தில் 2 மீட்டர் டிராப் கிடைத்தால் 800 கிலோவாட். அடுத்து வெண்ணாறு, காவிரியின் பெரிய தலைப்பு ரெகுலேட்டர்கள்: தென்பெரம்பூர், நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பு மாதிரி ஆறு பிரியும் இடங்கள். அங்கே நீரளவு உண்டு. வித்தியாசம் இருக்கிறதா என்பதைக் கேஜ் பதிவுதான் சொல்லும். கிளை ஆறுகளின் சிறிய படுக்கை அணைகள் எதுவும் தேறாது.

கொள்ளிடத்தில் கதவணை பெரிதாக இருப்பதைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கொள்ளிடம் உபரி நீர் வழி. வந்தால் லட்சம் கனஅடி, வராவிட்டால் மணல். வெள்ளத்தில் மட்ட வித்தியாசம் போய்விடும், மற்ற நாளில் தண்ணீரே இருக்காது. கடைமடைப் பக்கம் அலை ஏற்ற இறக்கத்தில் மின்சாரம் எடுக்கலாமா என்ற கேள்விக்கும் ஒரு வரி: நாகப்பட்டினக் கடலில் அந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு, பயனில்லை.

அணையே வேண்டாம், ஆற்றோட்டத்தில் மிதக்கும் டர்பைன் போதும் என்று விற்பனைக்கு வருகிறவர்களிடம் ஆற்றின் வேகத்தைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்காகும். வினாடிக்கு 0.8 மீட்டர் ஓடும் ஆற்றில் ஒரு சதுரமீட்டர் சுழலிப் பரப்புக்கு 75 வாட் கிடைத்தால் அதிகம். பத்துச் சதுரமீட்டர் சுழலி வைத்தும் முக்கால் கிலோவாட்தான். அந்த விளம்பரப் படங்களில் சொல்லும் எண்கள் வினாடிக்கு இரண்டரை, மூன்று மீட்டர் ஓடும் ஆறுகளுக்கானவை.

எந்திரத்துக்கு வருவோம். ஒன்று முதல் இரண்டரை மீட்டர் வரையான வித்தியாசத்துக்கு நடைமுறையில் இரண்டு வழி. ஒன்று ஆர்க்கிமிடீஸ் திருகு: சாய்வான தொட்டியில் படுத்திருக்கும் பெரிய இரும்புத் திருகின் மேல் தண்ணீர் இறங்கி அதைச் சுழற்றும். மூன்று மீட்டர் விட்டமுள்ள திருகு வினாடிக்குச் சுமார் 5 கனமீட்டர், அதாவது 175 கனஅடி விழுங்கும். நிமிடத்துக்கு 24 சுற்று அளவில் மெதுவாகப் போகும். 1.5 மீட்டரில் ஒன்று 55 கிலோவாட் தரும். 600 கனஅடிக்கு மூன்று திருகு போதாது, நான்கு வேண்டும். மீன் பெரும்பாலும் அடிபடாமல் இறங்கிவிடும், சின்னக் குப்பையும் கடந்துவிடும், நீர் குறைந்தாலும் திறன் அதிகம் விழாது. பலவீனம் கீழ் பேரிங். எப்போதும் தண்ணீருக்குள் கிடப்பதால் சீல் தேய்ந்து மணல் நுழைந்ததும் அதுதான் முதலில் போகும். மூடும் காலத்தில் ஒவ்வொரு ஆண்டும் பிரித்துப் பார்க்க இடம் விட்டுக் கட்ட வேண்டும். கீழ்மட்டம் ஏறித் திருகின் பாதி மூழ்கினால் எதிர்ப்பு கூடி உற்பத்தி விழும்.

இன்னொன்று கப்லான் வகை. இறகின் கோணத்தை நீரளவுக்கேற்ப மாற்றிக்கொள்ளும். திறன் அதிகம். ஆனால் உயரம் குறைந்தால் ரன்னர் என்னும் சுழலும் சக்கரம் பெரிதாகும், அதற்குக் கீழே நீர் வெளியேறும் குழாயான டிராஃப்ட் டியூப் நான்கைந்து மீட்டர் ஆழம் போகும். காவிரி மணலில் அந்த ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி நீரை இறைத்துக் காய வைப்பதே திட்டச் செலவின் பெரும்பங்கை விழுங்கிவிடும். இரண்டு மீட்டருக்குக் கீழே என்றால் திருகுக்கே என் வாக்கு.

கட்டுமானத்தில் முதல் விதி: பழைய ரெகுலேட்டரின் தூண்களில் எதையும் பொருத்தாதீர்கள். பழைய கட்டுமானத்துக்குள் எந்த அளவு அரிப்பு நடந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. முக்கொம்பில் 2018 ஆகஸ்ட் 22 இரவு கொள்ளிடம் பக்கத்தின் ஒன்பது ஷட்டர்கள் தூண்களோடு போனதை எல்லோரும் பார்த்தோம். மின்நிலையத்துக்குக் கரையோரமாகத் தனிப் பக்கவாய்க்கால் வெட்டி, ரெகுலேட்டருக்குக் கீழே மறுபடி ஆற்றில் சேர்ப்பதே சரி. அந்த வாய்க்காலும் ஒரு சின்ன அணைதான் என்பதை மறந்துவிடுகிறார்கள். மேல்மட்டத் தண்ணீர் மணலுக்குள் புகுந்து கட்டடத்தின் அடியாகக் கீழ்ப்பக்கம் வெளிவரும். வேகம் மிஞ்சினால் மணலையும் சேர்த்துக் கொண்டுவரும். கீழே கொப்புளமாக மணல் பொங்குவது தெரிந்தால் அடித்தளம் வெறுமையாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஷீட்பைல் (மண்ணுக்குள் அடித்து இறக்கும் இரும்புத் தகட்டுச் சுவர்) அல்லது கான்கிரீட் வெட்டுச்சுவர், கரையோடு சேரும் பக்கங்களிலும் அதே தடுப்பு, கீழே வடிகட்டிக் கல்லடுக்கு, இவை மூன்றும் இல்லாத வரைபடத்தை ஏற்காதீர்கள். பக்கச்சுவரைச் சுற்றி ஊறி வருவதைத்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள்.

வேலை செய்யக் கிடைப்பது பிப்ரவரி முதல் ஜூன் தொடக்கம் வரை நாலு மாதம். அதே சமயம் தூர்வாரும் வேலையும் நடக்கும். ஒரே கோடையில் முடிப்பேன் என்கிற ஒப்பந்தக்காரர் மணல் தோண்டிப் பழகியவர் அல்ல. முதல் கோடையில் அடித்தளமும் வெட்டுச்சுவரும் முடித்து, ஜூனில் தண்ணீர் ஏறியும் தாங்கும்படி மூடிவைத்து, இரண்டாம் கோடையில் எந்திரம் இறக்குவது என்று திட்டமிடுங்கள்.

இப்போது எல்லாவற்றிலும் முக்கியமானது. 600 கனஅடி எந்திரம் வழியாகப் போய்க்கொண்டிருக்கும்போது 11 கிலோவோல்ட் லைன் ட்ரிப் ஆகிறது. எந்திரம் கட்டவிழ்ந்த வேகத்தில் ஓடாமலிருக்க நீர்வாசல் தானாக மூடும். அந்த நொடியிலிருந்து கீழே தண்ணீர் இல்லை, மேலே 17 கனமீட்டர் வீதம் ஏறுகிறது. 40 மீட்டர் அகல ஆற்றில் மூன்று கிலோமீட்டர் தேங்கும் என்றால் அரைமணி நேரத்தில் 25 சென்டிமீட்டர் உயரும். நள்ளிரவில் நடந்தால் காலையில் மேலே கரை வழிந்திருக்கும், கடைமடையில் முறைத் தண்ணீர் வராமல் போயிருக்கும். அதனால் எந்திரம் நின்ற ஒரு நிமிடத்துக்குள் அதே அளவு நீரை ரெகுலேட்டர் வழியாக விடும் ஏற்பாடு கட்டாயம்: பேட்டரியில் இயங்கும் மோட்டார் ஷட்டர், அல்லது மேல்மட்டம் பத்து சென்டிமீட்டர் உயர்ந்ததும் எடை சமன் குலைந்து தானே திறக்கும் மடிப்புக்கதவு. மின்சாரத்தை நம்பாத இரண்டாவது வகையே கிராமத்துக்கு ஏற்றது. இந்த ஒன்றுக்கு வரைபடத்தில் இடமில்லாவிட்டால் திட்டத்தை அங்கேயே நிராகரிக்க வேண்டும். மாலை நேரத் தேவைக்காகப் பகலில் தேக்கி இரவில் விடும் பேச்சுக்கும் இடம் கொடுக்காதீர்கள். எந்த நேரத்தில் எவ்வளவு விடுவது என்பது நீர்வளத்துறையின் முடிவு. வருகிற நீரில் மின்சாரம் எடுப்பது மட்டும் நிலையத்தின் வேலை.

குப்பை அடுத்த தொல்லை. ஜூனில் முதல் தண்ணீர் வரும்போது ஐந்து மாதக் குப்பையையும் தள்ளிக்கொண்டு வரும். பிறகு ஆகாயத்தாமரை, வாழைமட்டை, தென்னோலை, ஆடிப்பெருக்கு மாலைகள், மழைக்காலத்தில் மரக்கிளைகள். தடுப்புக் கம்பியில் பத்து சென்டிமீட்டர் மட்டம் அடைபட்டால் 1.5 மீட்டரில் ஏழு சதவீத மின்சாரம் அங்கேயே போனது. திருகுக்குக் கம்பி இடைவெளி 10 முதல் 15 சென்டிமீட்டர் போதும். கப்லானுக்கு ஐந்தளவில் நெருக்க வேண்டும், அடைப்பும் அதற்கேற்பக் கூடும். இரண்டு வேளை ஆள் வைத்து வாருவது பருவ உச்சத்தில் போதாது, எந்திர வாரி தேவை. வாரிய குப்பையை மறுபடி கீழே ஆற்றில் தள்ளாமல் கரையேற்ற வண்டிப்பாதையும் இடமும் ஒதுக்குங்கள்.

மின்பக்கம் ஒரு தவறான எதிர்பார்ப்பைச் சொல்லியாக வேண்டும். இந்த அளவு நிலையங்களில் மலிவுக்காக இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்தான் வைப்பார்கள். வெளியிலிருந்து மின்சாரம் வந்தால்தான் அது மின்சாரம் தரும். லைன் போனால் நிலையமும் நிற்கும், ஊரும் இருட்டாகத்தான் இருக்கும். புயல் நேரத்தில் ஊருக்கு விளக்கெரியும் என்று கிராமசபையில் வாக்குறுதி தந்துவிடாதீர்கள். லைன் போனபின் கெப்பாசிட்டர்கள் ஜெனரேட்டரைத் தூண்டி, செத்த லைனில் மின்சாரம் ஏற்றிவிடும் ஆபத்தும் உண்டு. கம்பத்தில் ஏறி நிற்கும் வயர்மேன் உயிர் அதில் இருக்கிறது. கெப்பாசிட்டர் அளவைக் கட்டுப்படுத்துவதும், மின்னழுத்தம், அதிர்வெண் இரண்டுக்கும் ரிலே வைப்பதும் இதற்காகத்தான். உங்கள் ஃபீடர் ஆண்டில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்ற பதிவைத் துணைமின் நிலையத்தில் கேட்டு உற்பத்திக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. ஆறும் கரையும் அரசுப் புறம்போக்கு, ரெகுலேட்டர் நீர்வளத்துறையுடையது. ஊராட்சித் தீர்மானம் மட்டும் போதாது, அவர்களின் தடையின்மைச் சான்று இல்லாமல் ஒரு கல்லும் வைக்க முடியாது. 25 மெகாவாட்டுக்குக் கீழான நீர்மின் திட்டங்கள் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி முன்அனுமதி பெற வேண்டியதில்லை. சிறு புனல் மின் திட்டங்களுக்கென்று மாநில அரசு 2024-ல் தனிக் கொள்கை வெளியிட்டிருக்கிறது. அதே ஆண்டு மின்வாரியத்தைப் பிரித்தபோது நீர்மின்சாரம் பசுமை ஆற்றல் கழகத்துக்கும், லைனும் இணைப்பும் மின் பகிர்மானக் கழகத்துக்கும் போயின. இரண்டு இடமும் ஏற வேண்டும். விவசாயிகள் சங்கங்களையும் முதல் நாளிலிருந்தே உட்கார வையுங்கள். மேகேதாட்டுவில் 67 டிஎம்சி தேக்கி 400 மெகாவாட் எடுக்கும் திட்டத்தைக் கேட்டுக் கேட்டு, நீர்மின்சாரம் என்றாலே தண்ணீரை நிறுத்திவைப்பது என்று டெல்டா பயப்படுகிறது. அந்தப் பயம் நியாயமானது. தேக்கம் இல்லை, மட்டம் உயராது, தானாகத் திறக்கும் மாற்றுவழி உண்டு என்ற மூன்றையும் வரைபடத்தோடு காட்டினால் மட்டுமே பேச்சு நகரும்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கட்டும். மேலே சொன்ன ஏழு கதவணைகளின் மொத்தம் 210 மெகாவாட். பழைய எந்திரங்களைச் செப்பனிட்டு அதில் ஒரு சதவீதம் கூட்டினால் 2.1 மெகாவாட், உங்கள் ஊர் நிலையம்போல் பதினொன்றுக்குச் சமம், புதிதாக ஒரு இடத்திலும் ஆற்றைத் தோண்டாமல். காவிரியில் மின்சாரம் கூட வேண்டும் என்று கோரிக்கை வைப்பவர்கள் இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உங்கள் ஊரைப் பொறுத்தவரை, இந்தக் கோடையில் செய்ய வேண்டியது அளவுப்பலகை இரண்டும், பத்தாண்டு கேஜ் பதிவு கேட்டுப் பிரிவு அலுவலகத்துக்கு ஒரு மனுவும்தான். பருவம் முடிந்து பார்க்கும்போது, வித்தியாசம் 1.5 மீட்டருக்கு மேலும் நீரளவு 500 கனஅடிக்கு மேலும் சேர்ந்து இருந்த நாட்கள் 150 தாண்டினால் ஒரு பொறியாளரை வைத்துத் திட்ட அறிக்கை தயாரிப்பது நியாயம். நூறுக்குக் கீழே என்றால் அந்தப் பணத்தைக் கூரைத் தகட்டில் போடுங்கள். இடையில் வந்தால், இரண்டாவது பருவமும் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.